வால் வளையலாமா?



தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திற்கு மேற்கே உள்ள ஒகேனக்கல்லுக்கு நீங்கள் சென்றிருக்கலாம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. காவிரி நீர் பாறைகளில் மோதித் திவலைகளாகச் சிதறும்போது புகை எழுவதுபோல் தோன்றுவதால் அவ்விடம் இப்பெயர் பெற்றது. அங்கே பரிசல்கள் ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பிளாச்சுகளைக் கூடை போலப் பின்னி, அடியில் நீர் புகாத உறை போர்த்திய வட்ட வடிவ ஓடம் அது. முன்பெல்லாம் தோலால் போர்த்தினார்கள். பின்னர் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன.

பரிசலில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். துடுப்புப் போடுவதைச் சற்று நிறுத்தினால் போதும், பரிசல் தட்டாமாலை சுற்றத் தொடங்கிவிடும். அதே ஆற்றில் நீந்தும் கெண்டை மீன் அப்படிச் சுற்றுவதில்லை. நீரோட்டத்தை எதிர்த்து முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த வேறுபாடு எதனால் வந்தது?

மீனுக்கு வால் இருக்கிறது, பரிசலுக்கு இல்லை. விடை இவ்வளவு எளிமையானதுதான். ஆனால் வால் எப்படி வேலை செய்கிறது, அது விறைப்பாக இருக்கவேண்டுமா, வளையவேண்டுமா என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. இன்று கடலில் அலைகளுக்கு மேலே மிதந்து செல்லும் 'நீர்ச்சிறகுப் பலகை'களைச் செய்பவர்களும் இதே கேள்வியைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். அதை நாமும் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சோதித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

நீருக்குள் ஒரு சிறகு

படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது அதன் அடிப்பாகம் முழுவதையும் நீர் பின்னுக்கு இழுக்கிறது. எழும் அலைகளும் படகின் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. படகின் உடலை நீருக்கு மேலே தூக்கிவிட்டால் இந்த இழப்பு பெரிதும் குறையும் அல்லவா? அதற்காக, படகின் அடியில் ஆகாய விமானத்தின் இறக்கை போன்ற ஒன்றைப் பொருத்தி நீருக்குள் ஓடவிட்டார்கள். இதை ஹைட்ரோஃபாயில் என்பார்கள். நாம் நீர்ச்சிறகு என்று அழைப்போம்.

இத்தாலிய நாட்டுப் பொறியாளர் என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-ஆம் ஆண்டில் மஜ்ஜோரே ஏரியில் இத்தகைய படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அவருடைய கூட்டாளி கேசி பால்ட்வினும் கனடா நாட்டில் உருவாக்கிய ஹெச்.டி.-4 என்ற நீர்ச்சிறகுப் படகு, 1919 செப்டம்பர் 9 அன்று மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

இன்று அந்தச் சிறகு ஒரே ஒருவர் நிற்கும் பலகைக்கு வந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய் கட்டிய பலகைப் போட்டியும் பட்டம் இழுக்கும் பலகைப் போட்டியும் நீர்ச்சிறகுப் பலகைகளில்தான் நடந்தன.

இந்தப் பலகையின் உறுப்புகளை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேலே பலகை, அதன் அடியிலிருந்து செங்குத்தாக நீருக்குள் இறங்கும் தூண், தூணின் அடியில் கிடையாக ஒரு தண்டு, தண்டின் முன்முனையில் பெரிய முன்சிறகு, பின்முனையில் சிறிய வால்சிறகு. விமானத்தைப் போன்ற அமைப்புதான்.

ஒரு கணக்கு

சிறகின் ஏற்று விசையைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. நீரின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். அதைச் சிறகின் பரப்பாலும், சிறகின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்த ஓர் எண்ணாலும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆளும் பலகையும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். இதைத் தாங்க 70 × 9.8 = 686 நியூட்டன் விசை வேண்டும். முன்சிறகின் பரப்பு 0.15 சதுர மீட்டர், அந்த எண் 0.5 எனில், ½ × 1000 × 0.15 × 0.5 = 37.5. ஆகவே வேகத்தின் வர்க்கம் 686 ÷ 37.5, அதாவது சுமார் 18.3. வேகம் நொடிக்கு 4.3 மீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சைக்கிள் வேகம்தான்!

இதே சிறகு காற்றில் 70 கிலோகிராமைத் தூக்கவேண்டுமானால்? காற்றைவிட நீர் 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. எனவே காற்றில் மணிக்கு 440 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் தூக்கும். ஒரு முழ அகலம்கூட இல்லாத சிறகு நீரில் ஓர் ஆளையே தூக்குவதன் இரகசியம் இதுவே.

வாலின் வேலை

முன்சிறகு மட்டும் இருந்தால் பலகை நிலைத்து நிற்காது. முகம் சற்று மேலே தூக்கினால் சிறகின் சாய்வு கூடும், விசை கூடும், பலகை தாறுமாறாக எழும்பும். வால்சிறகு இதைத் தடுக்கிறது. முகம் தூக்கும்போது வால்சிறகின் சாய்வும் மாறுகிறது. அது பின்பக்கத்தை மேலே தள்ளி முகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. தண்டின் நீளம் நெம்புகோலாக உதவுவதால் சிறிய வாலே போதும். அம்பின் பின்முனையில் இறகு கட்டுவதும் இதற்காகத்தான்.

பெரும்பாலான பலகைகளில் வால்சிறகின் முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்தும் பின்விளிம்பு சற்று உயர்ந்தும் இருக்கும். ஆகையால் ஓடும்போது வால் கீழ்நோக்கி அழுத்தும். ஈர்ப்பு மையம் முன்சிறகின் ஏற்று விசைக்குச் சற்று முன்னால் இருப்பதால் முகம் கீழே கவிழப் பார்க்கும். வாலின் அழுத்தம் அதைச் சமன்செய்கிறது. ஊஞ்சல் பலகையின் இரு முனைகளைப் போல.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் 70 கிலோகிராமைத் தாங்கிய சிறகு, அதே சாய்வில் 30 கிலோமீட்டரில் 280 கிலோகிராமைத் தூக்கப் பார்க்கும். பலகை நீரைவிட்டே வெளியே பாயும். எனவே ஓட்டுபவர் முன்காலை அழுத்தி முகத்தைத் தாழ்த்திக்கொண்டே இருக்கவேண்டும். கால் கடுத்துப் போகும்.

வளையும் வால்

வால்சிறகின் பின்பகுதி சற்று வளையக்கூடியதாக இருந்தால் என்ன ஆகும்? மெதுவாக ஓடும்போது விசை குறைவு, வால் வளையாது. வேகம் கூடக் கூட, கீழ்நோக்கிய விசை அந்தப் பின்விளிம்பையே கீழே வளைக்கும். வளைந்தால் வாலின் சாய்வு குறையும், அழுத்தமும் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு: மெதுவான ஓட்டத்தில் வாலின் அழுத்தம் 20 நியூட்டன் எனக் கொள்வோம். வேகம் இரட்டிப்பானால் விறைத்த வாலில் அது 80 நியூட்டன் ஆகும். வளையும் வாலில் சாய்வு பாதியாகக் குறைந்துவிட்டால் 40 நியூட்டன்தான். பின்பக்க அழுத்தம் போதாமையால் முகம் தானாகவே சற்றுத் தாழும். முன்சிறகின் சாய்வு குறையும். ஓட்டுபவரின் முன்கால் செய்த வேலையில் ஒரு பங்கை வாலே செய்துவிடுகிறது.

அப்படியானால் நன்றாக வளையும் வாலே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். வால் மிகவும் தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் அதன் அழுத்தம் அடியோடு போய்விடும். முகம் திடீரெனக் கவிழும். ஆள் தலைகுப்புற விழுவார். முகம் தூக்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவரும் வலிமையும் வாலுக்கு இருக்காது. மற்றோர் ஆபத்து படபடப்பு. நெகிழும் பொருளின்மேல் பாயும் காற்றோ நீரோ அதன் அசைவுக்கு ஏற்ற தாளத்தில் ஆற்றலை ஊட்டினால் அசைவு வளர்ந்துகொண்டே போகும். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் டக்கோமா தொங்குபாலம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுகி ஆடி இடிந்து விழுந்தது இத்தகைய அசைவால்தான்.

ஆகவே 'வளையலாமா?' என்பதைவிட 'எவ்வளவு வளையலாம்?' என்பதே சரியான கேள்வி. இதற்கு விடை சொல்ல அளந்து பார்க்கவேண்டும்.

சோதனை 1: விறைப்பை அளத்தல்

பழைய எக்ஸ்-ரே படத்திலிருந்து 5 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளை வெட்டுங்கள். ஒரு பட்டையின் பாதியை மேசை விளிம்பில் புத்தகத்தால் அழுத்தி, மறுபாதி 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி, முனை எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அடிக்கோலால் அளந்து குறியுங்கள்.

அடுத்து இரண்டு பட்டைகளை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளவுங்கள். தாழ்வு ஏறத்தாழ பாதியாகும். பிறகு இரண்டு பட்டைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, எப்பாக்சி பசையால் முழுப் பரப்பும் ஒட்டி, ஒருநாள் காயவைத்து அளவுங்கள். பசை நன்கு பிடித்திருந்தால் தாழ்வு எட்டில் ஒரு பங்கை நெருங்கும். தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 2 × 2 × 2 மடங்கு ஆவதே காரணம். மூன்றை ஒட்டினால்? நீங்களே கணக்கிடுங்கள்.

சோதனை 2: தொட்டியில் ஓட்டம்

இரண்டு மூன்று மீட்டர் நீளமும் முழங்கால் ஆழமும் உள்ள சிமெண்டுத் தொட்டி போதும். ஒரு மூங்கில் குச்சியின் முனையைப் பிளந்து, அதில் ஒற்றைப் பட்டையைச் செருகிக் கட்டுங்கள். குச்சியை நிறுத்திப் பிடித்தால், பட்டை கொடிபோல 4 செ.மீ. பின்னோக்கி நிற்கவேண்டும். பட்டை முழுவதும் நீருக்குள் இருக்கட்டும். ஓடும் திசைக்கு அதைச் சுமார் 10 பாகை திருப்பிப் பிடித்து, தொட்டியின் ஓரமாக நடந்துகொண்டே இழுங்கள். நண்பர் ஒருவர் கடிகாரத்தில் நேரம் பார்க்கட்டும். இன்னொருவர் மேலிருந்து பட்டையின் வளைவைக் கவனிக்கட்டும்.

முதலில் மெதுவாக, பிறகு இருமடங்கு வேகத்தில். விரல்களில் பக்கவாட்டு விசையை உணருங்கள். ஒற்றைப் பட்டை நீரோட்டத்தின் போக்கிலேயே படிந்துவிடுவதைக் காண்பீர்கள். மூன்று பட்டைகளை ஒட்டிய வாலோ வளையாமல் நின்று, வேகத்தில் குச்சியைப் பலமாகத் தள்ளும். இரண்டு ஒட்டியது இடைப்பட்டது.

இப்போது குச்சியைத் திருப்பி, பட்டை முன்னே போகும்படி இழுத்துப் பாருங்கள். ஒற்றைப் பட்டை சட்டென மடிந்துவிடும். சிறிது வளைந்தால் சாய்வு கூடுகிறது. சாய்வு கூடினால் இன்னும் வளைகிறது. நெகிழும் பகுதி பின்னால் இருந்தால் விசையைக் குறைக்கும். முன்னால் இருந்தால் விசையைப் பெருக்கும். வளையும் வாலின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். தடிமனை மாற்றும்போது வேகமும் சாய்வும் மாறக்கூடாது. ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் கப்பல் மாதிரிகளை நீண்ட தொட்டியில் இழுத்துச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

ஓர் எச்சரிக்கை. இச்சோதனையை ஆற்றிலோ கிணற்றிலோ செய்யவேண்டாம். மேலே அணைகளில் நீர் திறக்கும்போது ஒகேனக்கல்லில் வெள்ளம் விரைந்து உயரும். அப்போது பரிசல் ஓட்டவே தடை விதிக்கிறார்கள். தொட்டியிலும் பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும்.

மீனும் பரிசலும்

2006-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஓடும் நீரில் ஒரு தடுப்பை நிறுத்தி, அதன் பின்னே எழும் சுழல்களில் உயிரற்ற டிரவுட் மீன் ஒன்றை விட்டார்கள். அது நீரோட்டத்தை எதிர்த்து முன்னே நகர்ந்தது! சுழல்கள் தள்ளத் தள்ள அதன் நெகிழ்ந்த உடல் ஏற்ற தாளத்தில் வளைந்து, சுழலின் ஆற்றலிலிருந்தே உந்தலைப் பெற்றது. விறைத்த கட்டைக்கு இது இயலாது. பாறைகளுக்குப் பின்னே மீன்கள் அதிகம் களைப்படையாமல் நிற்பது எப்படி என்பது இதிலிருந்து ஓரளவு விளங்குகிறது.

அப்படியானால் வாலில்லாத பரிசல் குறைபாடு உடையதா? இல்லை. பாறை இடுக்குகளில் நீர் நான்கு பக்கமிருந்தும் மோதுகிறது. அங்கே நீண்ட வால் இருந்தால், பக்கத்திலிருந்து மோதும் நீர் அதைப் பிடித்துத் திருப்பிவிடும். முன்னும் பின்னும் இல்லாத வட்ட ஓடம் எப்பக்கமும் உடனே நகரும். ஆழமற்ற நீரிலும் மிதக்கும். அதற்கு விலையாக, ஓட்டுபவர் துடுப்பால் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். பரிசலுக்கு வால் அவருடைய கைதான். வளையவேண்டிய இடத்தில் வளைந்து, விறைக்கவேண்டிய இடத்தில் விறைக்கும் வால் அது!

சிந்திக்க

1. ஆளும் பலகையும் சேர்ந்து 50 கிலோகிராம் எனில், மேலே சொன்ன சிறகு எந்த வேகத்தில் தூக்கும்?

2. மூன்று பட்டைகளை ஒட்டிய வாலின் விறைப்பு ஒற்றைப் பட்டையைப்போல் எத்தனை மடங்கு?

3. பட்டத்திற்கு வால் கட்டுகிறோம். அது மெல்லிய துணியாக இல்லாமல் குச்சியாக இருந்தால் என்ன ஆகும்? கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்து எழுதுங்கள்.