மரத்தைத் தின்னும் காளான்கள்

மழை விட்டதும் மத்திகிரி பக்கம் விறகுக் கட்டையிலும் தென்னை அடியிலும் காளான் முளைக்கும். எல்லாம் ஒரே இனம் இல்லீங்க.

மரத்தில் நாரும் உண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பசையும் உண்டு. பசையை விட்டுவிட்டு நாரைத் தின்பது பழுப்பு அழுகல் காளான். கட்டை காய்ந்த ஏரிச் சேறு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, நசுக்கினால் பொடியாகும். பசையையும் தின்பது வெள்ளை அழுகல் காளான். கட்டை வெளுத்து நார்நாராகப் பிரியும். நாம் வைக்கோலில் வளர்த்து விற்கிற சிப்பிக் காளான்கூட இந்த வகைதான்!

அதே வகையில் ஒரு எமன் கானோடெர்மா. உயிரோடு நிற்கிற தென்னையையே அழிக்கும். 1952-ல் தஞ்சாவூர்ப் பகுதியில் புயலுக்குப் பிறகு கண்டதால் 'தஞ்சாவூர் வாடல்' என்று பேர் வந்தது. அடிமரத்தில் விசிறி மாதிரி செம்பழுப்புக் காளான் தெரியும்போது மரம் அநேகமாகக் கை விட்டுப் போயிருக்கும். அதனால் காளானுக்காகக் காத்திருக்காதீங்க. அடிமர வெடிப்பில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா, அடி மட்டைகள் வாடித் தொங்குதா என்று பாருங்கள்.

மண்ணிலும் வேரிலும் பரவும் நோய் இது. நோய் கண்ட மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாதபடி தனிப் பாத்தி கட்டுங்கள். செத்த மரத்தை வேரோடு தோண்டி எரிக்கணும். மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.