தட்டைப் படம் பிடித்தால் போதுமா?

சாப்பாட்டைப் போட்டோ எடுத்தால் செல்போனே கலோரி சொல்லுதாமே, நம்பலாமா? 2012-இல் பெங்களூரில் தொடங்கிய ஹெல்த்திஃபைமீ நிறுவனம் 2023-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தது. வேறு பல செயலிகளும் இருக்கு. செயற்கை நுண்ணறிவு பார்ப்பது படத்தை மட்டும்தான். குழம்புக்குள் கிடக்கும் எண்ணெய் அதுக்கு எப்படித் தெரியும்?

நாமே சோதித்துப் பார்ப்போம். ஒரே அளவு கத்தரிக்காய்ப் பொரியல் இரண்டு கிண்ணம். ஒன்றில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், மற்றதில் மூன்று. டீஸ்பூனுக்குச் சுமார் 40 கலோரி. 80 வித்தியாசம் வரணும். இரண்டுக்கும் ஒரே எண் சொன்னால் எண்ணெய் வித்தியாசம் கணக்கில் சேரவில்லை என்று அர்த்தம். கம்பங்கூழையும் காட்டுங்க, மோர்னு சொல்லுதா பார்ப்போம்! தப்பாச் சொன்னால் பெயரையும் அளவையும் திருத்த இடம் இருக்கணும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கவே கூடாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேளுங்க.