இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்புமுன் பிரேக்கைப் பாருங்கள்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ப் பக்கம் பந்தய ஆசை பிடித்த இளைஞர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில். அடுத்து அலாய் வீல், அப்புறம் இன்ஜினுக்கு 'ரீமேப்'. இவ்வளவு செலவையும் முடித்துவிட்டுத் தடத்துக்குப் போனால், நாலைந்து சுற்றில் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிடும். வெளிறிய முகத்தோடு பிட்டுக்குத் திரும்புவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பைபாஸிலும் இசிஆரிலும் நள்ளிரவில் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், பின்விளக்கு எரியாமல் முன்னே போய்க்கொண்டிருக்கும் கரும்பு டிராக்டர். அதில் இருப்பவர் உங்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை.

நமக்குக் கிட்டத்தில் உள்ள முறையான தடம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினுடையது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்கள் பிறகு சொந்தமாகக் கட்டிக்கொண்ட தடம். நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாகப் போங்கள். சென்னை நெரிசலில் மாட்ட வேண்டாம். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க அங்கே 'டிராக் டே' நடப்பதுண்டு. தொடக்கம் அங்கேதான் இருக்க வேண்டும்.

கார்? வீட்டில் இருக்கும் ஸ்விஃப்டோ போலோவோ போதும். கியர் போட்டு ஓட்டும் சின்னப் பெட்ரோல் கார் என்றால் இன்னும் நல்லது. ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று எழுதியிருக்கும். தடத்தில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க உங்களுடையது. அந்தப் பணத்தை இழக்க முடியாது என்றால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இனி பிரேக். ஊரில் ஓட்டும்போது பிரேக் பிடித்தபின் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கிறது. தடத்தில் அடுத்தடுத்த வளைவுகளில் அழுத்தினால் சூடு பேடு வழியாகக் காலிப்பரில் இருக்கும் பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். அதனால்தான் மிதி பஞ்சுபோல அமுங்குகிறது, கார் நிற்க மறுக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நம் ஊரோ கடலோர ஊர், ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு தடத்துக்குப் போவது தற்கொலைக்குச் சமம். "டாப்-அப் பண்ணாப் போதும் சார், கலர் நல்லாத்தானே இருக்கு" என்பார் மெக்கானிக். கேட்காதீர்கள். கலரைப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது. சீல் உடைக்காத புது டப்பா வாங்கிக் கையில் கொடுத்து, நாலு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை கூடவே நில்லுங்கள். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கான், மற்றதோடு சேராது. பேடு பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இது என் விதி. புது பேடைத் தடத்திலேயே முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். ஊரிலேயே படியப் படிய ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், சீட்டுக்கடியில் கிடக்கும் குடை எல்லாம் வெளியே போக வேண்டும். டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் பத்திரமாக எடுத்துப் பையில் வையுங்கள். வளைவில் அவர் பிரேக் மிதிக்கடியில் உருண்டுவிடக் கூடாது.

தடத்துக்குள் நுழையுமுன் கொடிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள், காது கொடுத்துக் கேளுங்கள். மஞ்சள் என்றால் வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது.

முதல் சில சுற்றுகளில் நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பழக வேண்டியது ஒன்றுதான்: ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே ஒரே அழுத்தாகப் பிரேக்கை மிதித்து, வளைவுக்குள் திரும்பும்போது காலை மெல்ல எடுப்பது. பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் பயந்து ஓட்டிய நமக்கு லேசாக மிதித்து நீட்டி இழுக்கும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் டிஸ்க் ஆறவே ஆறாது. ஏபிஎஸ் துடித்தால் காலை எடுக்காதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. மூன்று சுற்று முடிந்ததும் வெளியே வந்து டயரில் காற்றைப் பாருங்கள். 4, 5 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பது சகஜம், ஏறிய அளவை இறக்கிவிடுங்கள். ஊருக்குத் திரும்புமுன் மறக்காமல் நிரப்புங்கள்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூட்டில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

ஹெல்மெட்டில் சிக்கனம் வேண்டாம். பைக்குக்கு வாங்கியது கார்ப் பந்தயத்துக்கு ஆகாது. ஸ்னெல் முத்திரையில் 'எம்' என்றிருப்பது மோட்டார் சைக்கிளுக்கு. 'எஸ்ஏ' என்றிருப்பதுதான் தீயைத் தாங்கும் உள்துணியோடு காருக்கென்று வருவது.

ஆசை அப்போதும் அடங்கவில்லை என்றால் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மருத்துவச் சான்றோடு போட்டி உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். ஸ்விஃப்ட் இன்ஜின் பூட்டிய ஃபார்முலா எல்ஜிபி போன்ற ஒற்றை இருக்கைக் கார்களைப் பந்தய அணிகள் வாடகைக்குத் தருவதுண்டு. சொந்தமாகப் பந்தயக் கார் கட்டுவதைவிட அதுதான் மலிவு. டயரும் நுழைவுக் கட்டணமும் வாடகைக்குள் அடக்கமா, இடித்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.