ஒரே எஞ்சின், இரண்டு ஜாகுவார்

கேள்வி: பர்மிங்காமில் வசிக்கிறேன். அடுத்த மாதம் பணி ஓய்வு. பழைய ஜாகுவார் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1965 ஈ-டைப் கூப்பே ஒன்றும் 1972 எக்ஸ்ஜே6 செடான் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் காரின் விலைக்கு இரண்டாவதைப் போல நாலைந்து வாங்கலாம். இரண்டிலும் ஒரே 4.2 லிட்டர் எஞ்சின்தான் என்கிறார்கள். அப்படியென்றால் செடானையே வாங்கிவிடலாமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.
– ஒரு வாசகர்

பதில்: எஞ்சின் ஒன்றுதான். 1948-இல் எக்ஸ்கே120 காரோடு அறிமுகமான அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 1992 வரை தயாரிப்பில் இருந்தது. ஈ-டைப்பில் மூன்று கார்புரேட்டர், எக்ஸ்ஜே6-இல் இரண்டு. பின்சக்கர சஸ்பென்ஷனும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஆனால், ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிறவி.

ஈ-டைப்பின் உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். நீண்ட பானெட்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஏறும்போது அகலமான வாசற்படியைத் தாண்டிக் காலை மடக்கி உள்ளே இழுக்க வேண்டும். இறங்கும்போது இன்னும் சிரமம். எக்ஸ்ஜே6 ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸே கூட இருந்து உருவம் கொடுத்த கார், 1968-இல் வந்தது. சாலையின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே எட்டக் கூடாது என்பதற்காகவே எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் ரப்பர் வைத்துத் தாங்கியிருக்கிறார்கள். உங்கள் மனைவியும் கூட வருவதாக இருந்தால், எக்ஸ்ஜே6 என்றே சொல்வேன்.

ஆனால், விலை குறைவு என்பதை மட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஈ-டைப்புக்கு மதிப்பு அதிகம் என்பதால், துருப்பிடித்தாலும் செலவழித்துச் சரிசெய்கிறார்கள். பாடித் தகடுகள்கூடப் புதிதாகக் கிடைக்கின்றன. செடானுக்கும் வெல்டிங் கூலி, பெயின்ட், தோல் இருக்கை எல்லாம் அதே விலைதான். செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது என்பதால் பலர் மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து விட்டுவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்ஜே6-தான் கடைசியில் அதிகம் விழுங்கும்.

போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, சக்கர வளைவு, முன்கண்ணாடியின் அடி ஓரம் எங்கும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான். எக்ஸ்ஜே6-க்குப் பின்பக்கம் இடம், வலம் என்று இரண்டு பெட்ரோல் டாங்குகள். இரண்டிலிருந்தும் எஞ்சின் ஓடுகிறதா என்று மாற்றிப் பாருங்கள். சூடேறிய பிறகு 3000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 psi-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பின் டிஸ்க் பிரேக் இரண்டு கார்களிலுமே சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. அங்கே ஆயில் கசிந்தால் டிஸ்க் நனையும். ஒழுங்காகச் சரிசெய்ய அந்த அமைப்பையே கீழே இறக்க வேண்டும். அந்தக் கூலியைப் பேரத்திலேயே கழித்துவிடுங்கள்.

பிரிட்டனில் 40 வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்கு வருடாந்தர எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால், நீங்கள் பார்ப்பது பல வருடமாக யாருமே அடியில் எட்டிப் பார்க்காத காராக இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த காரைப் பாருங்கள்.