எலும்பைக் கண்டவரும் உருவத்தைச் செய்தவரும்

டைனோசரை எந்தச் சின்னப் பிள்ளைக்கும் நாம் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாடசாலைக்கு வரும் முன்பே புத்தகப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் தொலைக்காட்சியிலும் அதைக் கண்டு பழகிவிடுகிறார்கள். கண்காட்சியில் நிற்கும் ரோபோ டைனோசர் தலையை ஆட்டி உறுமினால், உம்மாவின் அபாயாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாலும் கண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்கமாட்டார்கள். அந்த ஆர்வம் நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு.

ஆனால் அதே பிள்ளையிடம், "இப்படி ஒரு விலங்கு இருந்ததென்று யார் கண்டுபிடித்தார்? எப்படிக் கண்டுபிடித்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. மோட்டார் பூட்டிய உருவம் அவர்களுக்குத் தெரியும். மண்ணில் குனிந்து எலும்பைத் தேடிய மனிதரைத் தெரியாது. அந்த உருவத்தில் எது எலும்பு சொன்ன உண்மை, எது மனிதர் செய்த ஊகம் என்பதும் தெரியாது. இந்த இரண்டையும் தம்பி தங்கையருக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேரி அனிங் என்ற சிறுமி

கதையை மேரி அனிங்கிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் 1799ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மரத் தளபாடங்கள் செய்பவர். வருமானம் போதாததால் கடலோரக் குன்றுகளிலிருந்து உதிரும் உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பயணிகளுக்கு விற்றார். பிள்ளைகளையும் உடன் கூட்டிச் சென்றார். 1810இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன் மட்டுமே. மேரிக்கு அப்போது பதினொரு வயது.

உயிர்ச்சுவடு தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கல்ல, சோற்றுக்கு வழி. மாரி காலத்தில் புயலும் அலையும் குன்றை அரித்து இடிக்கும்போதுதான் புதிய எலும்புகள் வெளியே தெரியும். அலை மீண்டும் வந்து அடித்துச் செல்லும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். ஆகவே ஆபத்தான நேரமே வேலைக்கு ஏற்ற நேரமாக இருந்தது. 1833இல் நிகழ்ந்த ஒரு மண்சரிவில் அவருடன் எப்போதும் வரும் நாய் டிரே அவர் கண்முன்னேயே புதைந்து இறந்தது.

1811இல் மேரியின் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய தலையோட்டைக் கண்டார். அடுத்த ஆண்டு அதன் உடலைத் தேடிக் கண்டவர் மேரி. அது இக்தியோசோர் என்ற கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு. 1823இல் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசோரின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அதன் கழுத்தின் நீளத்தைக் கேள்விப்பட்ட பிரான்சின் புகழ்பெற்ற விஞ்ஞானி குவியே அது போலியாக இருக்கலாம் எனச் சந்தேகித்தார். பின்னர் அது உண்மையானதே என ஏற்றுக்கொண்டார். 1828இல் பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்புகளும் மேரிக்குக் கிடைத்தன.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இக்தியோசோரும் பிளீசியோசோரும் பறக்கும் ஊர்வனவும் டைனோசர்கள் அல்ல. அவை டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலிலும் வானிலும் இருந்த வேறு கூட்டங்கள். விளையாட்டுப் பொம்மைப் பெட்டிகளில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு விற்பதால் இந்தக் குழப்பம் வருகிறது.

பெயர் விடுபட்ட கதை

1824 பெப்ரவரியில் இலண்டன் புவியியல் சங்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மேரி கண்டெடுத்த பிளீசியோசோர் அங்கே விளக்கப்பட்டது. அதே கூட்டத்தில் வில்லியம் பக்லாந்து, மெகலோசோரஸ் என்ற விலங்கை அறிவித்தார். டைனோசர்களில் முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் பெற்றது அதுவே. இத்தனை பெரிய நாளில் மேரியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அச்சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. அந்த நிலை மாறியது 1919இல்தான். மேரியோ 1847இலேயே, தமது 47ஆவது வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகே சங்கத்தின் தலைவர் அவருக்காக இரங்கலுரை ஆற்றினார்.

கல்வி கற்க வசதியில்லாத அந்தப் பெண், விஞ்ஞானக் கட்டுரைகளைக் கடன் வாங்கித் தம் கையாலேயே பிரதி எடுத்துப் படித்தார். இக்தியோசோரின் வயிற்றுப் பகுதியில் சில விசித்திரக் கற்கள் இருப்பதைக் கவனித்துச் சொன்னவரும் அவர்தான். அவை கல்லாகிப்போன சாணம் எனப் பக்லாந்து பின்னர் விளக்கினார். இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அந்த விலங்கு எதைச் சாப்பிட்டது என்பதை அக்கற்களே காட்டுகின்றன என்று சொல்லும்போது சிரிப்பு ஆச்சரியமாக மாறும்.

2022 மே மாதம் லைம் ரீஜிஸில் மேரிக்கும் டிரேக்கும் சேர்த்து ஒரு சிலை திறக்கப்பட்டது. "ஏன் இவருக்குச் சிலை இல்லை?" என்று கேட்டு அந்த முயற்சியைத் தொடக்கி வைத்தவர் ஒரு பாடசாலைச் சிறுமி. கல்லும் சேறும் பெண்பிள்ளைக்கு எதற்கு என்ற பேச்சு நம்மைச் சுற்றியும் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆகவே இந்தக் கதையைத் தம்பிமாருக்கும் சொல்ல வேண்டும், தங்கைமாருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூக்கில் வைத்த கட்டைவிரல்

அடுத்த பாடம், உருவங்கள் எப்படி மாறின என்பது. 1825இல் கிடியன் மாண்டெல் என்ற வைத்தியர் இகுவானோடோன் என்ற விலங்குக்குப் பெயரிட்டார். அவரிடம் இருந்தவை சில பற்களும் எலும்புகளும் மட்டுமே. பின்னர் கூம்பு போன்ற ஓர் எலும்பும் கிடைத்தது. காண்டாமிருகத்தின் கொம்பைப் போல அது மூக்கின் மேல் இருந்திருக்கும் எனக் கருதினார்.

"டைனோசர்" என்ற சொல் 1842இல் ரிச்சர்ட் ஓவனால் உருவாக்கப்பட்டது. 1854இல் இலண்டனின் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி, செங்கல், இரும்பு, சீமெந்து கொண்டு முழு அளவு டைனோசர்களைச் செய்து நிறுத்தினார். இகுவானோடோன் நான்கு கால்களில், மூக்கில் கொம்போடு நின்றது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானோடோன் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தன. அப்போதுதான் அந்தக் "கொம்பு" மூக்குக்குரியது அல்ல, கையின் கட்டைவிரலுக்குரியது என்பது உறுதியானது. பின்னர் அதைக் கங்காருவைப் போல நிமிர்ந்து நிற்க வைத்தார்கள். இன்றைய விஞ்ஞானிகள் அதன் முதுகு கிடையாகவும் வால் நிலத்தைத் தொடாமலும் இருந்தன என்கிறார்கள்.

ஹோக்கின்ஸின் சிலைகள் இன்றும் அதே பூங்காவில் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து மனிதர் ஏமாந்தார்கள் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. கையில் இருந்த ஆதாரத்துக்கு அது அன்றைய நல்ல விடை. புதிய ஆதாரம் வந்ததும் விடை திருத்தப்பட்டது. விஞ்ஞானம் நடக்கும் முறை இதுதான்.

உறுமலுக்கு உள்ளே என்ன?

ரோபோ டைனோசரின் உள்ளே எலும்பு இல்லை. இரும்புச் சட்டம், மூட்டுகளை அசைக்க மோட்டார் அல்லது அமுக்கிய வளி, மேலே நுரை, அதன் மேல் சிலிக்கன் அல்லது இறப்பர்த் தோல், எல்லாவற்றையும் இயக்கக் கணினி. ஆள் நெருங்குவதை உணரி அறிந்தால் தலை திரும்பும், வாய் திறக்கும். 1993இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்துக்குச் செய்த டி. ரெக்ஸ் உருவம், மழைக் காட்சியில் நுரை நீரை உறிஞ்சிக் கனத்துத் தானாகவே நடுங்கத் தொடங்கியது. படப்பிடிப்புக் குழுவினர் துவாய்களால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்களாம்!

அந்த உறுமலும் எலும்பிலிருந்து வந்ததல்ல. யானைக்குட்டி, புலி, முதலை போன்றவற்றின் ஒலிகளைக் கலந்து செய்தது. முதலைகளும் சில பறவைகளும் வாயை மூடியபடியே தொண்டையால் ஆழ்ந்த ஒலி எழுப்புகின்றன. டைனோசர்கள் இவ்விரு கூட்டத்துக்கும் உறவு என்பதால், சில டைனோசர்களும் அவ்வாறே ஒலித்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நிறமும் பெரும்பாலும் ஊகமே. எனினும் சீனாவில் கிடைத்த சைனோசோரொப்டெரிக்ஸின் இறகு போன்ற இழைகளில் நிறத்துணிக்கைகளின் அடையாளம் எஞ்சியிருந்தது. அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி இருந்ததை 2010இல் அறிய முடிந்தது.

ரோபோ வேடிக்கைக்கு மட்டும் உரியதல்ல. கேள்விக்கு விடை தேடவும் உதவும். 2024இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கோடிப்டெரிக்ஸ் என்ற மயில் அளவு டைனோசரின் ரோபோவைச் செய்து வெட்டுக்கிளிகளின் முன் வைத்தார்கள். பறக்க உதவாத சிறு சிறகுகளை அது விரித்துக் காட்டியபோது வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் துள்ளி ஓடின. இரையை மறைவிலிருந்து கிளப்பிப் பிடிக்க அச்சிறகுகள் பயன்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று பாடங்கள்

ஒன்று: களிமண்ணில் ஒரு சிப்பியை அழுத்தி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கரைசலை ஊற்றுங்கள். இறுகியதும் எடுத்தால் சிப்பியின் உருவம் கிடைக்கும். களிமண்ணில் உள்ளது அச்சு, பிளாஸ்டர் வார்ப்பு. அருங்காட்சியகங்களில் நிற்கும் பல எலும்புக்கூடுகள் இத்தகைய வார்ப்புகளே. 1905 முதல் இலண்டனில் புகழ்பெற்ற டிப்ளோடோக்கஸ் எலும்புக்கூடும் அப்படித்தான்.

இரண்டு: வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு ஆக்கிய கோழியின் எலும்புகளைக் கழுவிக் காயவைத்து, சிலவற்றை ஒளித்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கோழி என்று சொல்லாமல், விலங்கை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வேறொன்றை வரையும். அதன் பிறகு மாண்டெலின் கதையைச் சொன்னால் நன்றாகப் பதியும். கோழியின் நெஞ்சுப் பக்கம் கவண் போலப் பிரிந்த ஓர் எலும்பு உண்டு. டி. ரெக்ஸுக்கும் அது இருந்தது. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்பதற்கு அது கையில் பிடித்துப் பார்க்கும் சாட்சி.

மூன்று: ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். ஒன்றை அட்டையில் செய்த டைனோசர்த் தாடையில் கட்டுங்கள். மற்றதை அழுத்தினால் வாய் திறக்கும். திரவம் அமுக்கத்தைக் கடத்துவதே காரணம். உள்ளே வளிக்குமிழி இருந்தால் வாய் தாமதமாகவே திறக்கும், ஏனெனில் வளி நெருங்கிச் சுருங்கும்.

நமது மண்ணிலும் உண்டு

புத்தளம் மாவட்டத்தின் தப்போவவில் ஜுராசிக் காலத் தாவரச் சுவடுகள் கிடைத்துள்ளன. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளிலிருந்து, இன்று நம் காடுகளில் இல்லாத சிங்கம், நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் கலாநிதி பி. இ. பி. தெரணியகல. அந்த எலும்பைச் சேற்றிலிருந்து முதலில் எடுத்த கை யாருடையது என்றும் பிள்ளைகள் கேட்கட்டும்.

அன்பின் சகோதரிகளே! அடுத்த முறை தம்பியையோ தங்கையையோ கண்காட்சிக்குக் கூட்டிச் சென்றால், படம் எடுப்பதோடு திரும்பி வராதீர்கள். யார் கண்டார், எதைக் கண்டார், எதை ஊகித்தார் என்ற மூன்று கேள்விகளையும் அந்த உருவத்தின் முன் நின்றே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பழகிய பிள்ளை, நாளை கைத்தொலைபேசியில் வரும் ஒவ்வொரு செய்தியிடமும் அவற்றையே கேட்கும்.

– உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி