தொடாமல் அளக்கும் ஒளிக்கோல்

ஓடும் நீரின் வேகத்தை அறிய விரும்புவோன் ஒரு கோலை அதில் நாட்டினால், கோலைச் சுற்றி நீர் சுழன்று விலகும். அவன் அளப்பது நீரின் இயல்பான ஓட்டமன்று. தன் கோல் கலைத்த ஓட்டமே. அதிரும் மெல்லிய தகட்டின்மேல் அளவுகருவி ஒன்றை ஒட்டினும் இதே குறை நேரும். கருவியின் எடை அதிர்வை மாற்றிவிடும். அளக்கப்படும் பொருளைக் கலைக்காமல் அளப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு லேஸர் ஒளி தந்த விடையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

விரையும் புகைவண்டியின் ஊதல், நம்மை நெருங்குங்கால் உயர்ந்த சுருதியிலும், கடந்து விலகுங்கால் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். நெருங்கும்போது அலைகள் நெருக்கமாக வந்து சேர்வதும், விலகும்போது இடைவிட்டு வருவதுமே இதன் காரணம். 1842-ல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியன் டாப்ளர் பிராக் நகரில் இவ்விதியை வெளியிட்டார். 1845-ல் ஹாலந்து தேசத்துப் பாய்ஸ் பாலட் என்பார், எக்காளம் ஊதுவோரைப் புகைவண்டியில் ஏற்றி இதனைச் சோதித்து மெய்ப்பித்தார். ஒளியும் அலையாதலின் அதற்கும் இத்தகைய மாற்றம் உண்டு.

ஆயின் ஓர் இடர்ப்பாடு உளது. ஹீலியம்-நியான் லேஸரின் செவ்வொளி 632.8 நானோமீட்டர் அலைநீளமுடையது. வினாடிக்கு ஏறக்குறைய 474 லட்சம் கோடி முறை அதிர்வது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேரெதிரே வரும் பரப்பிற் பட்டுத் திரும்பும்போது, அவ்வதிர்வு சுமார் 31.6 லட்சம் மட்டுமே கூடும். அஃதாவது, 15 கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறு வேற்றுமையை எங்ஙனம் அறிவது?

இசைவாணர் அறிந்த வழியே இங்கும் உதவும். சுருதி சிறிது வேறுபட்ட இரு தந்திகளை ஒருங்கே மீட்டினால், ஒலி மிகுந்தும் குறைந்தும் விம்மும். வினாடிக்கு எத்தனை விம்மலோ, அத்தனையே இரு சுருதிகளின் அதிர்வெண் வேற்றுமை. அவ்வாறே லேஸர் கதிரை இரண்டாகப் பிளந்து, ஒன்றை அசையும் பரப்பின்மேற் செலுத்தி, திரும்பும் ஒளியை மற்றதனோடு கலந்தால் ஒளியும் விம்மும். ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கருவி அவ்விம்மலை எண்ணித் தரும். ஆனால் விம்மலை மட்டும் கொண்டு, பரப்பு நெருங்குகிறதோ விலகுகிறதோ என்று கூற இயலாது. ஆதலின் ஒரு கதிரின் அதிர்வெண்ணைத் தெரிந்த அளவு முன்னரே மாற்றிவைப்பர். விம்மல் அவ்வளவினும் கூடினால் ஒரு திசை, குறைந்தால் எதிர்த்திசை.

ஒழுங்கு குன்றாத ஒரே நிற ஒளி இதற்கு வேண்டும். 1960-ல் லேஸர் தோன்றியபின் அது எளிதாயிற்று. 1964-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யே, கம்மின்ஸ் என்னும் இருவர், இம்முறையால் நீரோட்டத்தின் வேகத்தை அளந்து காட்டினர். தெளிந்த நீர் போதிய ஒளியைச் சிதறச் செய்யாது. ஆகவே நுண்ணிய துகள்களை நீரிற் கலந்து, அவை சிதறிய ஒளியை ஆராய்ந்தனர். இன்று இயந்திரத் தகடுகளின் அதிர்வும், காற்றுச் சுரங்கத்தில் ஓடும் காற்றின் வேகமும், மனிதச் செவிப்பறையின் நுண்ணசைவும் இவ்வாறே அளக்கப்படுகின்றன.

ஈண்டு மாணவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நீரோட்டத்தை அளக்குங்கால் ஒளி கூறுவது துகளின் வேகத்தையேயன்றி நீரின் வேகத்தையன்று. துகள் பெரிதும் கனமுமாயின், திடீரென விரையும் நீரைத் தொடர மாட்டாது பின்தங்கும். கருவி பிழையின்றி எண்ணினும் முடிவு பிழையாகும். ஆதலின் கருவி காட்டும் எண்ணைக் குறிக்குமுன், அஃது எதனை அளந்த எண் என்று வினவுக. பௌதிகம் பயில்வோர்க்கு இவ்வினாவே முதற் கருவியாம்.