நச்சுப் பாசியும் பரம்பரையலகுச் சோதனையும்

எல்கடுவக் கமக்காரர்களே,

1999 ஆம் ஆண்டில் கண்டி வாவியின் நீர், பச்சைச் சாயம் கரைத்தாற்போல் மாறிற்று. மைக்குரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியே அதற்குக் காரணம். 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் இதுவே பெருகியது. மேட்டு நிலத்துப் பசளை மழையில் கழுவுண்டு வந்து சேரும் உங்கள் குட்டைகளிலும், நீர் அசையாது நிற்கும் வறட்சிக்காலத்தில் இது படரக்கூடும்.

நீலப்பச்சைப் பாசி யாவும் பகையல்ல. காற்றிலுள்ள நைதரசனை வயலில் சேர்த்து நெல்லுக்கு உதவுவனவும் உள. மைக்குரோசிஸ்டிசிலுமே நஞ்சுடையதும் அஃதில்லாததும் உண்டு. நுணுக்குக்காட்டியால் நோக்கினும் அவ்விரண்டிற்கும் வேறுபாடு தோன்றாது. ஆயின், ஈரலைத் தாக்கும் நஞ்சை ஆக்குதற்குரிய பரம்பரையலகுகள் இருந்தாலன்றிப் பாசியில் நஞ்சு உண்டாகாது. ஆய்வுகூடத்தார் பாசியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, அவ்வலகின் ஒரு துண்டை மட்டும் பன்மடங்காகப் பெருக்கிக் காண்பர். பி.சி.ஆர். எனப்படும் இச்சோதனை சில மணி நேரத்தில் முடியும். எனினும் இது நஞ்சாக்கும் ஆற்றலையே காட்டும். நீரில் நஞ்சு எவ்வளவு உண்டென்பதை வேறு சோதனையாலேயே அறியலாம்.

முடிவு தெரியும்வரை அந்நீரைப் பருகாதீர்கள். கொதிக்கவைத்தாலும் இந்நஞ்சு அழியாது. மாடுகளை அதில் இறக்காதீர்கள். கீரைப் பாத்திகளில் இலைமேல் தெளிக்காதீர்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடுவது பெருந்தவறு. சாகும் பாசி உடைந்து, உள்ளிருக்கும் நஞ்சை நீரில் கலந்துவிடும். சோதனைக்கு நீர் எடுப்போர் கையுறை அணிந்து, தூய போத்தலில் எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே ஒப்படைத்தல் வேண்டும்.